கரையிறங்கும் நாள்: முதல்முறை க்ரூஸ் போகும் குடும்பங்களுக்கு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது, அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் அவர்களையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மயாமியில் கப்பலேறி ஒரு வாரம் கரீபியன் பக்கம் போய்வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. கப்பலுக்குள் இருக்கும்வரை கவலையில்லை. சாப்பாடு, படுக்கை, குழந்தைகளுக்கு விளையாட்டு எல்லாம் வேளாவேளைக்கு நடந்துவிடும். கப்பல் ஒரு தீவில் நிற்கும் பகல்தான் முழுக்க நம் பொறுப்பு. அதைப் பற்றித்தான், “பெரியம்மா, அந்த ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?” என்று கேட்டு எனக்குப் போன் வருகிறது. எதைப் பார்ப்பது என்பதைவிட எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் முக்கியம். கிழக்குக் கரீபியன் கப்பல்கள் அடிக்கடி நிற்கும் செயின்ட் மார்ட்டின் தீவை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன்.

1. கணக்கைத் திரும்பிவரும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். காலை எட்டு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்து மாலை ஐந்துக்குக் கிளம்புகிறது என்றால், நம் கையில் ஒன்பது மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். அப்படி இல்லை. கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஆக நாலரை. குழந்தையும் பெரியவர்களும் இருக்கும் குடும்பம் மூன்றரைக்குக் கப்பல்துறை வாசலுக்கு வந்துவிட வேண்டும். அங்கேயும் சோதனைக்கு வரிசை நிற்கும், வெயிலில் நீண்ட நடை இருக்கும். காலையில் கப்பலுக்கு அனுமதி கிடைத்து, எல்லோரும் சாப்பிட்டு, பாட்டி மாத்திரை போட்டு, சின்னவனை இரண்டாம் தடவை கழிவறைக்குக் கூட்டிப்போய், கரையில் கால் வைக்க ஒன்பதேகால் ஆகிவிடும். மிச்சம் ஆறேகால் மணி நேரம். போகவரப் பயணத்துக்கு ஒன்றரை மணியைக் கழித்தால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. இந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் திட்டம். இதை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். பிறகு வீட்டில் யாரும் நாலு இடம் கேட்கமாட்டார்கள்.

2. கப்பலின் நேரம் எது என்று முதல்நாள் இரவே கேளுங்கள். சில நிறுவனங்கள் தீவின் நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றுகின்றன. சில, கிளம்பிய துறைமுகத்தின் நேரத்திலேயே ஓடுகின்றன. உங்கள் கைப்பேசியோ கரையில் கால் வைத்ததும் தானாகத் தீவு நேரத்துக்கு மாறிவிடும். செயின்ட் மார்ட்டினில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். கோடையில் அது மயாமியோடு ஒத்துப்போகும், குளிர்காலத்தில் மயாமியைவிட ஒரு மணி முந்தியிருக்கும். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் கதை வேறு. கோடையில் அங்கே கடிகாரம் மயாமிக்கு ஒரு மணி பின்தங்கியிருக்கும். கப்பல் மயாமி நேரத்தில் ஓடினால், உங்கள் கைப்பேசியில் மணி நாலு என்று காட்டும்போது கப்பலில் ஐந்து. ஆகவே வீட்டில் ஒருவராவது பழைய முள் கடிகாரம் கட்டிக்கொண்டு, அதில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் கடிகாரம் சொல்வதே நேரம்.

3. ஒரே ஒரு இடம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். டச்சுப் பகுதி, பிரெஞ்சுப் பகுதி என்று இரண்டாகப் பிரிந்த செயின்ட் மார்ட்டின் சின்னத் தீவுதான், மொத்தம் 90 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விமானம் தலைக்குமேல் இறங்கும் மாஹோ கடற்கரை, பிரெஞ்சுப் பகுதியின் மாரிகோ சந்தை, ஓரியன்ட் பே, பிலிப்ஸ்பர்க் கடைத்தெரு என்று நாலையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்துக் கிளம்பினால் வேனுக்குள்ளேயே பகல் போய்விடும். காரணம் சாலை. தீவைச் சுற்றி ஒற்றைப் பாதைதான். ஐந்தாறு கப்பல் ஒரே நாளில் வந்து நிற்கும்போது ஆயிரக்கணக்கான பேர் அதே பாதையில் இறங்குகிறார்கள். இது போதாதென்று சிம்ப்சன் பேயில் ஒரு தூக்குப்பாலம் இருக்கிறது. உப்பங்கழிக்குள் பாய்மரப் படகுகள் போய்வருவதற்காக நாளுக்குச் சில வேளை அதைத் தூக்குவார்கள், வண்டிகள் இரண்டு பக்கமும் அப்படியே நின்றுவிடும். 2013-இல் உப்பங்கழியின் குறுக்கே இன்னொரு பாலம் கட்டிய பிறகு கொஞ்சம் தேவலை. ஆனாலும் அரைமணிப் பாதை சாயங்காலத்தில் ஒரு மணிக்குமேல் இழுப்பது சாதாரணம்.

ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆற அமர இருங்கள். குழந்தை மணலில் குழி தோண்டிக்கொண்டிருக்கும்போது “கிளம்பு கிளம்பு, அடுத்த இடத்துக்கு நேரமாச்சு” என்று கையைப் பிடித்து இழுக்கும் அப்பாக்களை எத்தனையோ துறைகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு அந்தக் குழிதான் கரீபியன்.

4. யாரால் கொஞ்சம்தான் நடக்க முடியுமோ, அவரை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். முழங்கால் வலி உள்ள மாமியார், மதியம் தூங்கியே ஆகவேண்டிய இரண்டு வயதுக் குழந்தை, சர்க்கரைக்கு ஊசி போடும் அப்பா, இவர்களைக் கேட்காமல் போடும் திட்டம் பதினோரு மணிக்குமேல் தாங்காது. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். “எனக்கென்ன, நீங்கள் எங்கே போனாலும் சரி” என்பார்கள். நீங்கள்தான் குறிப்பறிந்து கேட்க வேண்டும்: கழிவறை எங்கே, உட்கார நிழல் உண்டா, மணலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வேன் படி எவ்வளவு உயரம்.

இவ்வளவும் பார்த்தால், முதல்முறை வரும் குடும்பத்துக்கு நான் சொல்வது கிரேட் பே கடற்கரைதான். கப்பல்துறையிலிருந்து பிலிப்ஸ்பர்க் ஊருக்கு நடந்தால் இருபது நிமிடம். நடக்க முடியாதவர்களுக்குத் துறையிலிருந்தே சின்னப் படகு நேராக ஊர் நடுவில் கொண்டுவிடும். கடற்கரையை ஒட்டி நீளமாகச் சமதள நடைபாதை, வழியெல்லாம் உணவகம், வாடகைக்கு நாற்காலியும் குடையும், குடா என்பதால் பெரும்பாலும் அலையடங்கிய தண்ணீர். கப்பலும் கண்ணெதிரே தெரியும். “இதைவிட அழகான கடற்கரைகள் தீவில் இருக்கின்றனவே” என்பார்கள். இருக்கின்றன. அவற்றை அடுத்த தடவை பார்க்கலாம்.

பெரியவர்கள் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கப்பல் பாதி காலியாக இருக்கும், நிம்மதியாக ஒரு காபி குடித்துவிட்டுத் தூங்குவார்கள். கட்டாயப்படுத்திக் கூட்டிப்போய் வெயிலில் உட்காரவைப்பது மரியாதை ஆகாது.

5. யாரோடு போவது என்பதற்கு மூன்று வழி. கப்பல்காரர்களே விற்கும் எக்ஸ்கர்ஷன், தீவில் உள்ள தனி ஆட்களிடம் முன்பதிவு, நாமே டாக்ஸி பிடித்துப் போவது. கப்பல்காரர்களிடம் வாங்கினால் விலை கூடுதல், கூட்டமும் கூடுதல். ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைக்கு உங்களைக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. மற்ற இரண்டு வழியிலும் தாமதம் உங்கள் தலையில். கப்பல் போய்விடும். விமான டிக்கெட்டு, ஓட்டல், விசா எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் கணக்கு இது: ஒரு மணி நேரத்துக்குமேல் போக வேண்டிய இடம், படகில் போக வேண்டிய இடம் என்றால் கப்பல்காரர்களிடமே வாங்குங்கள். பக்கத்துக் கடற்கரைக்கு அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தனி ஆட்களிடம் பதிவு செய்தால், கப்பல் வராமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜூன் முதல் நவம்பர் முடிய அங்கே புயல் பருவம். தீவையே மாற்றிவிட்டுக் கப்பல் வேறு பக்கம் போவது அந்த மாதங்களில் நடக்கக்கூடியது.

துறையே இல்லாத தீவும் உண்டு. கிராண்ட் கேமனில் கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், டெண்டர் படகில் கரைக்குப் போகவேண்டும். படகு ஆடும், வரிசை நீளும். மேலே போட்ட கணக்கில் போக ஒரு மணி, வர ஒரு மணி கழித்துக்கொள்ளுங்கள்.

6. காகிதங்களை டிக்கெட் போடுவதற்கு முன்பே பாருங்கள். “அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவிலேயே இறங்குகிறோம், பாஸ்போர்ட் எதற்கு” என்று சக பயணிகள் சொல்வது அமெரிக்கக் குடிமக்களுக்கான சலுகை. இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்த அப்பா அம்மாவுக்கு அது பொருந்தாது. அவர்களுக்குப் பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க விசா இருக்க வேண்டும். எச்-1பி-யில் இருக்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, நீட்டிப்புத் தாள் மட்டும் கையில் இருந்தால், கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போய்வர உள்ள சலுகை கரீபியன் தீவுகளுக்கு அவர்களுக்குக் கிடையாது. வழக்கறிஞரைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஒவ்வொரு தீவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலிலேயே பதில் வாங்கி வையுங்கள்.

அப்பா அம்மாவுக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு அமெரிக்காவுக்கு மட்டுமா, வெளியேயும் செல்லுமா என்று பாருங்கள். பல காப்பீடுகள் எல்லை தாண்டினால் செல்லாது. கரையிறங்கும்போது கப்பல் அட்டை, ஓர் அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் நகல், அன்றைய மாத்திரை இவ்வளவும் உடம்போடு இருக்கட்டும். கப்பலில் தரும் அன்றாட நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜென்ட்டின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. டாக்ஸி. செயின்ட் மார்ட்டினின் டச்சுப் பகுதியில் டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது, அரசு வைத்த கட்டணம்தான். கப்பல்துறையிலிருந்து வெளியே வந்ததும் வரிசை பிரித்துவிட ஆள் நிற்பார். “எத்தனை பேர்? எங்கே?” என்று கேட்டு, உங்களோடு இன்னும் இரண்டு குடும்பத்தைச் சேர்த்து ஒரு வேனைக் காட்டுவார். ஏறுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு, அது ஆளுக்கா வண்டிக்கா, டாலரிலா யூரோவிலா. டச்சுப் பகுதியில் 2025 முதல் கரீபியன் கில்டர் என்ற புதுப் பணம், பிரெஞ்சுப் பகுதியில் யூரோ. டச்சுப் பக்கம் டாலரை எங்கேயும் வாங்கிக்கொள்வார்கள். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், நூறு டாலரை நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டும். குழந்தைக்கான கார் இருக்கை வேனில் பெரும்பாலும் இருக்காது. திரும்பிவர அதே ஓட்டுநரை ஏற்பாடு செய்தால், வந்துசேர்ந்த பிறகு மொத்தமாகக் கொடுப்பதே முறை.

நம்பர் பலகையில் ‘பஸ்’ என்று எழுதிய சின்ன வேன்களும் ஓடும். ஊர்க்காரர்கள் அதில்தான் போகிறார்கள், விலையும் மலிவு. இளசுகள் மட்டும் என்றால் தாராளமாக ஏறலாம். சாயங்காலம் திரும்புவதற்கு அதை நம்ப வேண்டாம்.

8. முதலில் வணக்கம் சொல்லுங்கள். கரீபியன் தீவுகளில் கடைக்குள் நுழைந்தாலும், வேனில் ஏறினாலும், வழி கேட்டாலும், முதல் சொல் ‘குட் மார்னிங்’. பிரெஞ்சுப் பக்கம் ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் “இது எவ்வளவு?” என்று நேராகக் கேட்டால் முகம் இறுகிவிடும். நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அவர்கள் இயல்பாகவே செய்துவிடுவார்கள். அமெரிக்காவில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைத்தெருவில் நீச்சல் உடையோடு நடக்காதீர்கள். அந்த மக்கள் 2017 செப்டம்பரில் இர்மா புயலில் வீட்டுக் கூரையைப் பறிகொடுத்து, மறுபடி கட்டி எழுந்தவர்கள். ஓட்டுநரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வழிகாட்டி யாரும் சொல்லாததைச் சொல்வார்.

9. படைவீரர் பாணியில் பச்சைத் திட்டுத்திட்டாக அச்சடித்த சட்டை, கால்சட்டை, தொப்பி, பை எதையும் எடுத்துப் போகாதீர்கள். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா, ஆன்டிகுவா உட்படப் பல தீவுகளில் படையினர் தவிர மற்றவர்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். சின்னப் பையன்களின் உடுப்பில் இது நிறைய இருக்கும், பெட்டி கட்டும்போதே பாருங்கள்.

10. மாஹோ போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விமான நிலையத்தின் ஓடுபாதை அங்கே கடற்கரையிலிருந்து ஒரு சாலை அகலத்தில் தொடங்குகிறது. இறங்கும் விமானம் கடல்மேலிருந்து தாழ்ந்து வந்து, நீந்துகிறவர்களின் தலைக்குமேல் சக்கரத்தை விரித்துக்கொண்டு போகும். பையன்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆபத்து கிளம்பும் விமானத்தில் இருக்கிறது. அது கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எஞ்சினை முழுவேகத்தில் ஓட்டும்போது, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள்மேல் காற்று மோதும். மணல் ஊசியாகக் குத்தும். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாங்கிப்பார்ப்பது அங்கே ஒரு விளையாட்டு. 2017 ஜூலையில் அப்படி நின்ற நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதன் பக்கத்திலேயே நின்று படம் எடுக்கிறார்கள்.

குடும்பத்தோடு போனால் கடற்கரையின் இரண்டு ஓரங்களில் உள்ள உணவகங்களில் உட்காருங்கள். குழந்தைகளை ஓடுபாதைக்கு நேர்பின்னால் நிற்க விடாதீர்கள். பெரிய விமானங்கள் பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான் வரும். அன்றைய நேரப்பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள், திரும்பும் வழியில் தூக்குப்பாலம் இருப்பதையும் மறக்காதீர்கள்.

11. கடலுக்கு இரண்டு முகம். இந்தத் தீவுகளின் கிழக்குப் பக்கம் அட்லான்டிக், அலை பெரிது. மேற்கிலும் தெற்கிலும் தண்ணீர் பொதுவாக அமைதி. 2011-இலிருந்து சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி கோடைமாதங்களில் கூட்டம் கூட்டமாகக் கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம் அடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஓரியன்ட் பே கிழக்கில் இருக்கிறது. அதன் தென்கோடியில் ஆடையில்லாமல் குளிப்பவர்களும் உண்டு, பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல கடற்கரைகளில் உயிர்காக்கும் காவலர்கள் இல்லை. ஆகவே பெரியவர்களில் ஒருவர் தண்ணீரில் இறங்காமல், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, குழந்தைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

12. மான்சினீல் மரத்தைக் குழந்தைகளுக்குப் படத்தில் காட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள். கரீபியன் கடற்கரைகளில் வளரும் மரம் இது. பளபளப்பான பச்சை இலை, சின்ன ஆப்பிள் போன்ற மஞ்சள் கலந்த பச்சைக் காய், நல்ல மணம். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே புண்ணாக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் அடித்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் கீழே கிடக்கும் பழத்தைப் பொறுக்கித் துடைத்துத் தின்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே கீழே கிடக்கும் எதையும் எடுக்கக் கூடாது என்று பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

13. வெயிலும் உடையும் சாப்பாடும். “மெட்ராஸ் வெயிலைப் பார்த்தவர்கள் நாங்கள்” என்று சொல்லாதீர்கள். அங்கே ஓயாமல் காற்று வீசுவதால் சுடுவது தெரியாது, சாயங்காலம்தான் தோள் எரியும். சன்ஸ்கிரீன் வாங்கும்போது துத்தநாக ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவை பவளப்பாறைகளைக் கெடுப்பதால், அமெரிக்க விர்ஜின் தீவுகளில் 2020-லிருந்து அவற்றுக்குத் தடை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சேலையோடும் சுடிதாரோடும் கடற்கரையில் இருப்பதை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் பருத்தி நனைந்தால் கனக்கும், துப்பட்டா காலில் சுற்றும். முழங்காலுக்குமேல் இறங்குவதாக இருந்தால் முழுக்கை வைத்த நீச்சல் உடை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பை மூடும், சீக்கிரம் காயும், வெயிலும் படாது.

கப்பல் உணவகத்திலிருந்து பழமோ சமைத்த உணவோ கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். பிரிக்காத பிஸ்கட், முறுக்குப் பாக்கெட்டுகள், தண்ணீர் பாட்டில் பொதுவாகப் பிரச்சினையில்லை. சைவக்காரர்கள் காலையில் கப்பலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, திரும்பிவந்து சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை.

14. நகைக்கடை. பிலிப்ஸ்பர்க்கின் முன்தெருவில் வரிசையாக நகைக்கடைகள், பலவற்றில் சிந்தி வியாபாரிகள், இந்தியில் கூப்பிடுவார்கள். கப்பலில் ‘பரிந்துரைக்கும் கடைகள்’ என்று கொடுக்கும் பட்டியல் அந்தக் கடைகள் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். விலை தெரியாமல் வைரமும் தங்கமும் அங்கே வாங்க வேண்டாம். அந்த நேரத்தைக் கடலுக்குக் கொடுங்கள்.

15. தீவின் கதையை முதல்நாள் இரவு பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாத் தீவும் ஒரே மணல், ஒரே பனைமரம் என்றாகிவிடும். செயின்ட் மார்ட்டினை டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் 1648-இல் உடன்படிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் எல்லையில் சோதனைச்சாவடி இல்லை. டச்சுக்காரர்கள் அங்கே வந்தது உப்புக்காக. பிலிப்ஸ்பர்க் ஊரின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய உப்பேரி, நடுவில் ஒரு துண்டு மணல்மேட்டில் இரண்டு மூன்று தெரு. அந்த ஏரியில் வெயிலில் நின்று உப்பு வாரியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். பிரெஞ்சு அரசு 1848-இல் அடிமைமுறையை ஒழித்தது, டச்சு அரசு ஒழித்தது 1863-இல். நடுவில் பதினைந்து வருடம். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் விடுதலை என்றானபின் இந்தப் பக்கம் யாரை அடிமையாக நிறுத்திவைக்க முடியும்? சட்டம் வருவதற்கு முன்பே அங்கே அடிமைமுறை ஆட்டம் கண்டது அதனால்தான். நடைபாதையிலிருந்து ஒரு சந்து நடந்தால் 1793-இல் கட்டிய நீதிமன்றக் கட்டடம். அதன் முன்னால் நின்று இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

பார்படோஸ் போகும் கப்பல் என்றால், கிரிக்கெட் பைத்தியம் பிடித்த தாத்தாக்களுக்கு வேறு இடமே தேட வேண்டாம். பிரிஜ்டவுன் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கென்சிங்டன் ஓவல். 2024 ஜூன் 29 அன்று இந்தியா டி-20 உலகக் கோப்பையை வென்றது அங்கேதான். உள்ளே விடுவார்களா என்று முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

16. உங்கள் கப்பல் குவாதலூப்பில் நிற்குமானால் எனக்காக ஒன்று செய்யுங்கள். 1854-இன் கடைசியில் ‘ஒரேலி’ என்ற கப்பல் நம் ஆட்களை முதன்முதலாக அந்தத் தீவில் இறக்கியது. மர்த்தினிக்குக்கு அதற்கு முந்தைய ஆண்டே. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் அவர்கள். குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரம் பேருக்குமேல். பலர் திரும்பவே இல்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டு வழக்காடினார். மொழி போய்விட்டது. ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. மாரியம்மன் இருக்கிறாள். கடைகளில் ‘கொலொம்போ’ என்று விற்கும் மசாலாத்தூள் நம் குழம்புப்பொடியின் வழிவந்ததுதான்.

கப்பல் நிற்கும் புவாந்த்-ஆ-பித்ரிலிருந்து தெற்கே, கபெஸ்தேர்-பெல்-ஓ ஊருக்குப் பக்கத்தில் ஷாங்ஜி என்ற இடத்தில், நெடுஞ்சாலையோரமே கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. டாக்ஸியில் முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர ஒன்றரை, அங்கே ஒரு மணி. முதலில் போட்ட ஐந்துமணிக் கணக்கில் தாராளமாக அடங்கும். அன்றைக்கு அந்த ஒரு இடம் போதும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிடுங்கள். அங்கே இருப்பவர்கள் தமிழ் பேசமாட்டார்கள், ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டு எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். தாத்தா பாட்டி காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களாக இருந்தால் அவர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.